எரிமலைக் குழியில் ஒரு சம்பந்தப் பேச்சு

புருசன் செத்த செய்தி வந்தபோது புஷ்பராணி படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஜேர்மனியில், ஹம் நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் அவளுக்கு வேலை. ரயில் நிலைய மேடையில் காத்து நின்ற செல்வராசா அப்படியே குந்திச் சரிந்துவிட்டதாகவும், ஆம்புலன்ஸ் வந்தும் பயனில்லை என்றும் ஒரு பொலிஸ்காரி போனில் நிதானமாகச் சொன்னாள். புஷ்பராணி நன்றி சொல்லி போனை வைத்தாள். மேசையில் கிடந்த மிச்ச விரிப்புகளையும் மடித்து, அடுக்கி, தள்ளுவண்டியில் ஏற்றினாள். அதற்குப் பிறகுதான் மேற்பார்வைக்காரியிடம் போய், தன் புருசன் இறந்துவிட்டதாகவும் வீட்டுக்குப் போக வேண்டும் என்றும் சொன்னாள்.

இது பின்னர் ஹம் தமிழர் மத்தியில் பல மாதிரியாக உலாவியது. கல்நெஞ்சுக்காரி என்றார்கள் சிலர். அதிர்ச்சியில் அப்படித்தான் வரும் என்றார்கள் வேறு சிலர். புஷ்பராணிக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. விரிப்புகள் இயந்திரத்திலிருந்து சூடாக வந்திருந்தன. ஆற விட்டால் சுருக்கம் விழும். அதனால் மடித்தாள். அதற்கு மேல் அவளிடம் காரணம் இருக்கவில்லை.

அவள் கரவெட்டிப் பக்கத்துப் பெண். செல்வராசா அகதியாக ஜேர்மனிக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு கம்பித் தொழிற்சாலையில் நிரந்தரமான பின்னர்தான் அவளைக் கலியாணம் பேசினார்கள். படத்தில் பார்த்தவரை ஃபிராங்ஃபேர்ட் விமான நிலையத்தில் முதன்முதலாக நேரில் பார்த்தபோது, தலைமயிர் கொஞ்சம் குறைவு என்று நினைத்தாள். பெரிய காதல் என்று சொல்ல முடியாது. ஆனால் சண்டை பிடித்தாலும் ஒரே மேசையில் சாப்பிடும் மனிதர்களாக இருவரும் ஆகிவிட்டிருந்தார்கள். செல்வராசா செய்தி பார்த்துக்கொண்டே டிவியோடு வாக்குவாதப்படுவார். அவள் குசினியில் இருந்தபடி, "அவனுக்குக் கேக்கவே போகுது" என்பாள். ஒரே பிள்ளை தேனுஜா.

செத்தவீட்டில் புஷ்பராணி அழவில்லை. எரித்த பிறகும் அழவில்லை. எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி எல்லாம் முடிந்தன. வந்தவர்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். செல்வராசாவின் தம்பி மதிசுதன் டோர்ட்முண்டிலிருந்து வந்து, அண்ணையின் காரைத் தான் எடுக்கட்டுமா என்று கேட்டான். ஓம் என்றாள். உடுப்புகளைச் செஞ்சிலுவைப் பெட்டியில் போடலாமா என்று மதிசுதன் மனைவி கேட்டாள். அதற்கும் ஓம். கட்டிலின் மற்றப் பக்கம் வெறுமையாகக் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. தெரிந்ததே தவிர உள்ளே எதையும் தொடவில்லை. காலையில் எழும்பினாள், வேலைக்குப் போனாள், வந்தாள், படுத்தாள். தேனுஜா குடும்ப வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மனநல வைத்தியரைப் பார்க்க டேர்மின், முன்கூட்டியே நேரம், எடுக்கவேண்டும், கிடைக்க அரை வருசமாவது செல்லும் என்றார் அவர். புஷ்பராணி ஓம் என்றாள்.

செல்வராசா போய் நாலு மாதமான மாசியில்தான் தேனுஜா தன் விசயத்தைச் சொன்னாள். அவள் கேல்னில் மூக்குக் கண்ணாடிக் கடையொன்றில் ஒப்டிக்கராக வேலை செய்தாள். சிநேகிதியின் கலியாணத்தில் கிரிதரைச் சந்தித்திருக்கிறாள். கார்ல்ஸ்ரூஹேயில் கம்ப்யூட்டர் வேலை, சொந்த ஊர் திருச்சி. இந்தியப் பொடியன் என்றதும் அம்மா ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்து, பதில்களெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

"நல்லம்," என்றாள் புஷ்பராணி.

"அவ்வளவுதானா அம்மா?"

"வேற என்ன? நீ பாத்துத்தானே முடிவெடுத்திருப்பாய்."

தேனுஜா கொஞ்ச நேரம் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் நெடுநேரம் ஓடியது. புஷ்பராணிக்கு அது கேட்டது. எழுந்து போய்க் கதவைத் தட்டவேண்டும் என்றும் தெரிந்தது. இருந்த இடத்திலேயே இருந்தாள்.

சித்திரையில் கிரிதரின் பெற்றோர் மகனோடு மூன்று மாதம் இருந்துவிட்டுப் போக வந்தார்கள். இரண்டு வீட்டாரும் சந்திக்கவேண்டும் என்றானது. அப்பா ஜெயச்சந்திரன் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசை: ஜேர்மனியில் எரிமலை இருப்பதாக எங்கோ படித்திருக்கிறார், அதைப் பார்க்கவேண்டும். அம்மா ரமாவோ, முதன்முதல் சம்பந்தம் பேசுவதைக் கோயிலில் வைத்துப் பேசினால்தான் நல்லது என்றாள். கிரிதர் வரைபடத்தைத் தோண்டி ஓர் இடத்தைப் பிடித்தான். ஐஃபல் மலைப்பகுதியில் கெரோல்ஸ்டைன் என்ற சிற்றூர். ஹம்முக்கும் கார்ல்ஸ்ரூஹேக்கும் ஏறத்தாழ நடுவில் வரும். அங்கே காட்டுப்பாதையில் அரை நாள் நடந்தால் ஒரு பழைய எரிமலைக் குழியும் பார்க்கலாம், ரோமர் காலத்துக் கோயிலும் பார்க்கலாம். தாய்க்கும் தகப்பனுக்குமாக ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டதாக அவன் தேனுஜாவிடம் போனில் பெருமைப்பட்டான்.

"தண்ணிப் போத்திலில இருக்கிற ஊரெல்லோ?" என்று மட்டும் கேட்டாள் புஷ்பராணி. அந்த ஊர்த் தண்ணீர்தான் போத்தலில் அடைத்துக் கடைகளிலெல்லாம் விற்பனையாகும்.

வைகாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. தேனுஜா வாடகைக் காரை ஓட்ட, புஷ்பராணி மடியில் ஒரு பெட்டி மரக்கறி ரோல்ஸோடு இருந்தாள். விடியவே எழும்பிப் பொரித்தது. கேல்ன் தாண்டியதும் மலைகள் தொடங்கின. சரிவெல்லாம் மஞ்சளாய்ப் பூத்துக் கிடந்தது. "வடிவாயிருக்கு, என்ன அம்மா?" என்றாள் தேனுஜா. புஷ்பராணி வெளியே பார்த்தாள். மஞ்சள் நிறம் மஞ்சள் நிறமாகத் தெரிந்தது. "ஓம், வடிவு."

கெரோல்ஸ்டைன் ரயில் நிலையத்தடியில் கிரிதர் வீட்டார் காத்து நின்றார்கள். கிரிதர் நெடுத்த, கொஞ்சம் கூச்சமான பிள்ளை. ரமா கத்தரிப்பூ நிறச் சேலைக்குக் கீழே புத்தம்புது வெள்ளைச் சப்பாத்து போட்டிருந்தாள். ஜெயச்சந்திரன் கையில் ஏற்கெனவே நடைக்கம்பு.

"வாங்க வாங்க, பிரயாணம் எல்லாம் சௌகரியமா இருந்துதா?" என்றார்.

"ஓம் அண்ணை, பிரச்சினை இல்லை. நீங்கள் வெள்ளனவே வந்திட்டியளோ?"

அண்ணை என்று அழைத்தது அவருக்கு மிகவும் பிடித்துப் போயிற்று. "அண்ணைங்கறாங்க, பார்த்தியா ரமா," என்றார். ரமா கைகூப்பிச் சிரித்தாள். ஆனால் அவள் கண் புஷ்பராணியின் முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

ஊரை விட்டு ஏறும் பாதை செங்குத்தாக இருந்தது. பீச் மரங்களின் இளம் இலைகளுக்குள்ளால் வெயில் விழுந்தது. ஏறி முடிந்த இடத்தில் ஒரு பெரிய சாம்பல் நிறப் பாறை, கீழே ஊர் முழுவதும் சின்னதாகத் தெரிந்தது. இந்தப் பாறை ஒரு காலத்தில் கடலுக்கடியில் பவளத் திட்டாக இருந்தது என்று கிரிதர் சொன்னான். ஜெயச்சந்திரன் பாறையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "கடலாம்மா இது! இவ்வளவு உசரத்துல!"

மற்ற மூவரும் படம் எடுக்கப் போக, ரமா ஒரு மரவாங்கில் புஷ்பராணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"தேனுஜா அப்பாவைப் பத்திக் கேள்விப்பட்டேன். ரொம்பக் கஷ்டமா இருந்துது. என்ன ஆச்சுங்க?"

"ஸ்டேசன்ல நிண்டவர். நெஞ்சு நிண்டு போச்சு. ஐப்பசி மாசம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முதலே முடிஞ்சுது."

வேறு யாருடைய செய்தியையோ வாசிப்பதுபோல அவள் அதைச் சொன்னாள். ரமா கையை நீட்டி அவளுடைய கையைப் பிடித்தாள். புஷ்பராணி தன் கை இன்னொருவர் கைக்குள் இருப்பதைப் பார்த்தாள். சிறிது நேரத்தின் பின் ரமாவே கையை எடுத்துக்கொண்டாள்.

மறுபடி நடக்கத் தொடங்கியபோது ரமா மகனைப் பின்னுக்கு இழுத்து மெல்லக் கேட்டது காற்றில் முன்னால் வந்தது. "டேய், அந்தம்மாவுக்கு இதுல இஷ்டம் இருக்கா இல்லையா? மூஞ்சில ஒண்ணுமே தெரியலியே. நம்மளைப் பிடிக்கலையோ?"

"இல்லம்மா, அவங்க அங்கிள் போனதுலேர்ந்தே அப்படித்தான். தேனு சொல்லியிருக்கா."

"சோகம்னா சோகமாத் தெரியணும். இது வேற என்னவோ."

புஷ்பராணிக்கு எல்லாம் கேட்டது. ரமா சொன்னது சரிதான் என்று பட்டது.

காட்டுக்குள் பாதை தட்டையாகி, பிறகு திடீரென்று ஒரு பெரிய வட்டப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் விட்டது. சுற்றிவர மரம், நடுவே பச்சைப் புல். ஒரு பெரிய தாச்சிச் சட்டியைப் பூமிக்குள் அமுக்கி வைத்ததுபோல இருந்தது. எங்கோ ஒரு குயில் கூப்பிட்டது.

"இதுதாம்ப்பா," என்றான் கிரிதர்.

ஜெயச்சந்திரன் கம்பை ஊன்றி நின்று கீழே பார்த்தார். "எதுடா?"

"எரிமலை."

"இதுவா?" அவர் முகம் விழுந்துவிட்டது. "நம்ம ஊர்ல கோடையில குளம் வத்திப் புல்லு மொளைச்சா இப்படித்தான்டா இருக்கும். புகை கூட இல்ல."

"பல்லாயிரம் வருசத்துக்கு முந்தி வெடிச்சது அங்கிள். இங்கயிருந்து நெருப்புக் குழம்பு கீழ ஆறுவரைக்கும் போனதாம்," என்றாள் தேனுஜா, அவரைத் தேற்றும் குரலில்.

"அப்போ வந்திருக்கணும்," என்றார் அவர் மனத்தாங்கலுடன். தேனுஜாவும் கிரிதரும் சிரித்தார்கள். புஷ்பராணியும் வாயை இழுத்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்பது விளங்கியிருந்தது.

குழிக்குள் இறங்கிப் புல்லில் துணி விரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள். ரமா எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புஷ்பராணி ரோல்ஸ் பெட்டியைத் திறந்து நீட்டினாள். கிரிதர் முதல் கடியை மென்று, கொஞ்சம் யோசித்து, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்றான். ஜெயச்சந்திரன் தலையை ஆட்டிக்கொண்டே தண்ணீர்ப் போத்தலை எடுத்தார். தேனுஜா பாதியோடு வைத்துவிட்டாள்.

"உப்புப் போட மறந்துட்டீங்க போல," என்றாள் ரமா. எதையும் உள்ளே வைத்திருக்கத் தெரியாத மனுசி.

"மறந்திட்டன் போல." புஷ்பராணி தன் கையிலிருந்ததைப் பார்த்தாள். முழுவதையும் சாப்பிட்டு முடித்திருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பேச்சு கலியாணத்துக்கு வந்தது. அடுத்த சித்திரையில் ஹம்மில், அம்மன் கோயிலுக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில் வைப்பது. இதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. தாலி எந்த வழக்கம், கூறைச் சேலை யார் எடுப்பது என்பதெல்லாம் பேசினார்கள். புஷ்பராணி எல்லாவற்றுக்கும் ஓம் சொன்னாள். ரமா சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கொஞ்சம் தயங்கினாள்.

"இன்னொரு விஷயம். நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. தாரை வார்க்கறது யாருன்னு பேசிடலாமேன்னு… அவர் இல்லாததால, உங்க பக்கத்துல யாராவது தம்பதியா இருந்தா அவங்களை உட்கார வைக்கலாம். எங்க சொந்தக்காரங்க நாலு பேர் வருவாங்க. அப்புறம் மேடையில வெச்சு யாராவது ஏதாவது பேசிட்டா உங்களுக்குத்தான் சங்கடம்."

"ஓம்," என்றாள் புஷ்பராணி. "எங்கட ஆக்களும் அப்பிடித்தான் செய்யிறவை. இவற்ற தம்பியும் பெண்சாதியும் டோர்ட்முண்டில இருக்கினம். அவை செய்வினம்."

"அப்போ நீங்க…"

"நான் பின்னுக்கு நிக்கிறன். அதுக்கென்ன."

தேனுஜா எழுந்தாள். உடுப்பில் ஒட்டிய புல்லைத் தட்டவும் இல்லை. யாரையும் பார்க்காமல் குழியின் சரிவில் ஏறி மரங்களுக்குள் போனாள். கிரிதர் அரைவாசி எழுந்து, தாயைப் பார்த்து, மறுபடி இருந்தான்.

"நான் தப்பா எதுவும் கேட்டுட்டேனா?" ரமாவின் குரல் சிறுத்துவிட்டது.

"இல்லை," என்றாள் புஷ்பராணி. "நீங்கள் சாமானைக் கட்டுங்கோ. நான் போய்ப் பாக்கிறன்."

மேலே, விழுந்து கிடந்த அடிமரம் ஒன்றில் தேனுஜா முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள். புஷ்பராணி மூச்சு வாங்கியபடி பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏன் எழும்பி வந்தனி? அவை என்ன நினைப்பினம்?"

"அவை நினைக்கிறதை விடுங்கோ. நீங்கள் ஏன் ஓம் எண்டனீங்கள்?"

"கேட்டவா. அது வழக்கம்தானே."

"சித்தப்பா கார் கேட்டவர், ஓம். சித்தி அப்பாவின்ர உடுப்புக் கேட்டவ, ஓம். ஒரு சேட்டாவது நான் வைச்சிருந்திருப்பன், என்னட்டக் கேக்கவே இல்லை நீங்கள். இப்ப இந்தக் கலியாணம் வேண்டாம் எண்டு நான் சொன்னாலும் ஓம் எண்டுதான் சொல்லுவியள்."

புஷ்பராணி யோசித்துப் பார்த்தாள். "ஓம்," என்றாள்.

தேனுஜாவின் கண் நிறைந்து வழிந்தது. அதைப் பார்த்தபோது, ஏதாவது சொல்லவேண்டும், உண்மையான எதையாவது சொல்லவேண்டும் என்று புஷ்பராணிக்குத் தோன்றியது. அவளும் மகளுக்குப் பக்கத்தில் அடிமரத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு ஒண்டும் படுகுதில்லைப் பிள்ளை. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் ஒரு மாதிரி இருக்குமெல்லோ, தொட்டால் தெரியும், ஆனால் உன்ர கன்னம் மாதிரி இராது. எனக்கு முழுக்க அப்பிடித்தான் கிடக்கு. அப்பா போனது நோகேல்லை. நீ கலியாணம் எண்டது சந்தோசமாயும் இல்லை. உன்னட்டச் சொல்லப் பயமாயிருந்தது. பயம் எண்டும் சொல்லேலாது. சொல்லேல்லை, அவ்வளவுதான்."

தேனுஜா புறங்கையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி. உங்களுக்கு நோகேல்லை. ஆனால் எனக்கு நோகுமம்மா. மணவறையில இருந்து திரும்பிப் பாக்க நீங்கள் எங்கயோ ஒரு மூலையில, சாப்பாட்டு அறை வாசலில நிப்பியள். சித்தியின்ர கை என்ர கையைப் பிடிச்சிருக்கும். அப்பாவும் இல்லை, நீங்களும் இல்லை. அது எனக்கு நோகும். உங்களுக்கு விளங்காட்டியும் பரவாயில்லை. நான் சொல்லிறதை நம்புங்கோ."

புஷ்பராணி மரங்களுக்கு ஊடாகப் பார்த்தாள். கீழே குழிக்குள் ரமா குனிந்து பெட்டிகளை மூடுவது தெரிந்தது. மகள் சொன்னது நெஞ்சில் இறங்கவில்லை என்பது உண்மை. ஆனால் தலைக்கு நன்றாக விளங்கியது. இல்லத்தில் சில வயோதிபர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி இராது. தண்ணீர் சுடுகிறதா என்று தாதியின் சொல்லை நம்பித்தான் காலை வைப்பார்கள். தானும் இப்போதைக்குப் பிள்ளையின் சொல்லை நம்பித்தான் நடக்கவேண்டும் போலும்.

"எழும்பு," என்றாள். "கோயிலைப் பாத்திட்டுப் போவம்."

எல்லோரும் சேர்ந்து நடந்தார்கள். ஜெயச்சந்திரன் மட்டும் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து எடுத்து, இது எரிமலைக் கல்லா என்று மகனிடம் காட்டினார். ஒன்றைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

கோயில் என்று வந்து சேர்ந்த இடத்தில் கோயில் இருக்கவில்லை. மரங்களுக்கு நடுவே ஒரு புல்வெளி, அதில் முழங்கால் உயரத்துக்குக் கற்சுவர்கள், சதுரம் சதுரமாக. ஒரு தகவல் பலகை. தேனுஜா அதை வாசித்துச் சொன்னாள். ரோமர் காலத்தில் ஒரு பணக்காரர் கட்டிக் கொடுத்த கோயில். காய்வா என்ற பெண் தெய்வம் இங்கே இருந்தாள். அவளைப் பற்றி அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் யாருக்கும் தெரியாது.

"அம்மன் கோயிலா?" என்று கேட்டாள் ரமா.

"அப்பிடியும் சொல்லலாம் ஆன்ட்டி."

ரமா சுவரின் வாசல் போன்ற இடைவெளிக்கு முன்னால் நின்று, குனிந்து, வெள்ளைச் சப்பாத்தின் நாடாவை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"என்னடி பண்றே? இது ரோமன் கோயில்," என்றார் ஜெயச்சந்திரன். நாயோடு வந்திருந்த ஒரு ஜேர்மன் தம்பதி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

"கோயில்னா கோயில்தான். செருப்போட போனாத்தான் உங்களுக்குத் திருப்தியா?"

அவள் காலுறையையும் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் உள்ளே போனாள். புஷ்பராணியும் தன் சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டுப் பின்னால் போனாள். உள்ளே இன்னொரு சின்னச் சதுரம். மூலஸ்தானமாக இருந்திருக்கவேண்டும். அதில் புல்லும் சில டெய்சிப் பூக்களும்தான். ரமா அதற்கு முன் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டாள். முடிந்து திரும்பும்வரை புஷ்பராணி பொறுத்து நின்றாள்.

"ரமா அக்கா, உங்களோட ஒண்டு கதைக்க வேணும்."

"சொல்லுங்க."

"நான் அங்க சொன்னது பிழை. தாரை வாக்கிறது வேற ஒருத்தரும் இல்லை. நான்தான் செய்வன். பிள்ளையைப் பெத்து வளத்தது நானும் அவரும். அவர் இல்லை. அப்ப மிச்சம் நான்."

ரமா அவளை உற்றுப் பார்த்தாள். "கோவமா இருக்கீங்களா?"

"இல்லை. கோவம் வந்தால் நல்லம், வருகுதில்லை. உங்களில ஒரு பிழையும் இல்லை, நீங்கள் வழக்கத்தைத்தான் சொன்னனீங்கள். ஆனால் என்ர பிள்ளைக்கு நோகுதாம். அதுக்கு மேல எனக்கு வேற நியாயம் சொல்லத் தெரியாது."

அவளுடைய குரலில் நடுக்கமோ வேகமோ இருக்கவில்லை. ரமா பழகியிருந்த சண்டைகளில் அழுகை இருக்கும், கத்தல் இருக்கும், அதற்குத் தக்கபடி இறங்கலாம் அல்லது ஏறலாம். இதற்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. சுவர் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எனக்கு இது மனசுக்கு ஒப்பலை," என்றாள் கடைசியில். "பொய் சொல்ல மாட்டேன். பயமா இருக்கு. நாளைக்கு இதுகளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட நான் இதைத்தான் நினைப்பேன். என் நாத்தனார் ஒருத்தி இருக்கா, அவ இதுக்குன்னே வராம நின்னுடுவா."

"விளங்குது."

"ஆனா ஒண்ணு சொல்லட்டுமா? காலைலேர்ந்து நான் சுவத்துகிட்டப் பேசிட்டு இருந்த மாதிரி இருந்துது. இப்பதான் நீங்க வாயைத் திறந்து உங்களுக்கு என்ன வேணும்னு சொல்றீங்க. எனக்கு யோசிக்கக் கொஞ்சம் டைம் குடுங்க."

"யோசியுங்கோ," என்றாள் புஷ்பராணி. "நான் மாற மாட்டன்."

இருவரும் சேர்ந்து சப்பாத்துப் போட்டுக்கொண்டார்கள். ரமாவால் குனிந்து நாடா கட்டச் சிரமமாக இருந்தது. புஷ்பராணி குந்தியிருந்து கட்டிவிட்டாள். இல்லத்தில் ஆட்களுக்கு அவசரமென்றால் செய்வதுதான். ஜெயச்சந்திரன் தூரத்தில் நின்று தேனுஜாவிடம், ரோமர்கள் கூரைக்கு என்ன போட்டிருப்பார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிரியும்போது ரமா மிச்ச எலுமிச்சைச் சாதத்தைப் பெட்டியோடு கொடுத்தாள். திரும்பும் வழியில் தேனுஜா, "என்ன கதைச்சனீங்கள்?" என்று கேட்டாள். புஷ்பராணி சொன்னாள். தேனுஜா நெடுஞ்சாலையில் அடுத்த வெளியேறும் வழியில் காரை இறக்கி, எரிபொருள் நிலையத்தில் நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். புஷ்பராணி அவளுடைய முதுகைத் தடவினாள். கை தானாகப் போகவில்லை. போகவேண்டும் என்று நினைத்துப் போக வைத்தாள்.

சில வாரங்களுக்கு ரமாவிடமிருந்து எதுவும் வரவில்லை. கிரிதர் வீட்டில் பெரிய பேச்சுவார்த்தை நடந்ததாகத் தேனுஜா சொன்னாள். ஜெயச்சந்திரன்தான் கடைசியில், "அந்தம்மா என்னை அண்ணைன்னு கூப்பிட்டாங்க. தங்கச்சியைப் போய் ஓரமா நில்லுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றாராம். ஊர் திரும்புவதற்கு முன்னால் ரமா நேரடியாகப் போன் எடுத்தாள்.

"நாத்தனாருக்குச் சொல்லிட்டேன். வரலைன்னா வரமாட்டா, போகட்டும். ஐயர்கிட்ட நீங்களே பேசி ஏற்பாடு பண்ணிடுங்க. எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு, அதையும் சொல்லிடறேன்."

"சரி அக்கா," என்றாள் புஷ்பராணி.

மதிசுதன் குதித்தான். சபையில் தன்னை அவமானப்படுத்துவதாகச் சொன்னான். அதைப் புஷ்பராணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வந்து முன்வரிசையில் இருக்கச் சொன்னாள். அவன் வந்தான்.

அடுத்த சித்திரையில் கலியாணம் நடந்தது. ஐயர் சம்மதித்திருந்தார். மண்டபத்தில் குசுகுசுப்பு எழுந்து அடங்கியது. புஷ்பராணி நீலப்பச்சைச் சேலையில் மணவறைக்கு ஏறி, மகளின் கையை மருமகன் கையில் வைத்துத் தண்ணீர் வார்த்தாள். தேனுஜா அழுதாள், ரமா அழுதாள், ஜெயச்சந்திரன் வெளிப்படையாகவே அழுதார். புஷ்பராணிக்குக் கண் கலங்கவில்லை. தண்ணீர்க் கிண்டியைச் சரியான சாய்வில் பிடிக்கவேண்டும், கூறைச் சேலை நனையக்கூடாது என்பதில் அவள் கவனமாக இருந்தாள். வீடியோக்காரர் பிறகு, "அக்கா மட்டும் நல்ல ஸ்டெடி" என்று மெச்சினார்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். மனநல வைத்தியரிடம் இப்போது ஒழுங்காகப் போய் வருகிறாள். அந்தப் பெண்மணி கேட்பதற்கெல்லாம் உண்மையைச் சொல்கிறாள். பெரும்பாலும், ஒன்றுமில்லை என்பதே உண்மையாக இருந்தது.

போன மார்கழியில் ஒரு பின்னேரம் அவள் கடைச் சாமான்களோடு மாடிப்படி ஏறிவந்தாள். மேல்மாடியில் இருக்கும் லூக்காஸ் என்ற இளைஞன் வழக்கம்போலத் தன் சைக்கிளைப் படிக்கட்டில், அவளுடைய கதவை அடைத்து நிறுத்தியிருந்தான். அவள் அதைச் சுற்றி நுழையப் பார்த்தாள். பை கிழிந்து ஆரஞ்சு நிறத் தோடம்பழங்கள் படிவழியே கீழே உருண்டன. அவை உருள்வதைப் பார்த்துக்கொண்டு நின்ற புஷ்பராணி, அடுத்த கணம் மேலே பார்த்து, தனக்குத் தெரிந்த ஜேர்மன் முழுவதையும் திரட்டிக் கத்தினாள். கட்டடமே கேட்டது. இடையில் இரண்டு வசனம் சுத்தத் தமிழில் வந்தது. லூக்காஸ் காலுறையோடு ஓடிவந்து, மன்னிப்புக் கேட்டு, பழங்களைப் பொறுக்கித் தந்து, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனான்.

அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள். காது சுட்டது, தொண்டை எரிந்தது. குசினிக் கதிரையில் இருந்து தேனுஜாவுக்குப் போன் எடுத்தாள்.

"பிள்ளை, எனக்குக் கோவம் வந்திட்டுது," என்றாள். "நல்லாய் வந்திட்டுது."